புதுப்பிப்பு: லிண்டலில 6 மி.மீ. துளை, வேலை முடிஞ்சுது

கிளிநொச்சி வீட்டில யன்னலுக்கு மேல இருக்கிற கொங்கிறீட் உத்தரத்தில, அதுதான் லிண்டலில, யன்னல் சீலைக் கம்பி பூட்டவேணும், சாதாரண ஹமர் றில் பூச்சைத் தாண்டி கொங்கிறீட்டில பட்டதும் நகருதில்லை எண்டு முந்திக் கேட்டிருந்தன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பக்கத்து மேசன் அண்ணை எஸ்.டி.எஸ். (பிட் பூட்டுற ஒரு முறை) ரோட்டரி ஹமர் எண்ட, கொங்கிறீட் துளைக்கிற மெசினை இரவல் தந்தார். சாதாரண ஹமர் றில்லில பல்லுள்ள ரெண்டு தட்டு ஒண்டோட ஒண்டு தட்டுப்பட்டுத்தான் அதிருது. நாங்கள்தான் பாரம் குடுத்து அமத்தவேணும். ரோட்டரி ஹமரில பிஸ்டன் காத்தை அமுக்கி, அந்த வேகத்தில பிட்டின்ர (துளைக்கிற அலகு) பின்பக்கம் அடி விழுது. நேராப் பிடிச்சால் போதும்.

றோல் பிளக்கின்ர (ஆணி இறுகிப் பிடிக்கத் துளைக்குள்ள போடுற பிளாஸ்டிக் உறை) நீளத்தைவிட 10 மி.மீ. அளவு கூட ஆழம் வையுங்கோ. இல்லாட்டி அடியில தங்கிற தூள் பிளக்கை இறங்க விடாது. இடையிடையே பிட்டை வெளிய இழுத்தால் தூளும் வரும், நுனியில இருக்கிற காபைட் எண்ட கடினமான பகுதியும் கூடச் சூடேறாது.

ஒரு இடத்தில பிட் சட்டெண்டு நிண்டிட்டுது. சாம்பல் தூளுக்குள்ள மினுங்கிற துகள் வந்துது: கொங்கிறீட்டுக்குள்ள வைச்சுக் கட்டின இரும்புக் கம்பி. லிண்டல் வளையாமல் நிக்கிறதே அந்தக் கம்பியாலதான், அதைத் துளைக்கப் போகாதேங்கோ. நான் துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டன்.

தலைக்கு மேல துளைக்கேக்க கண்ணாடியும் நல்ல மாஸ்க்கும் கட்டாயம். கொங்கிறீட் தூளில இருக்கிற சிலிக்கா நெஞ்சுக்குள்ள படிஞ்சால் பிறகு எடுக்க வழியில்லை.

உள்ளுக்குக் கோறையான புளொக் கல்லுச் சுவர் எண்டால் ஹமரை நிப்பாட்டி, சுத்த மட்டும் விடுங்கோ. அடிச்சால் உள்பக்கம் உடைஞ்சு விழும், பிளக் பிடிக்காது.