சிரங்குக்குப் பின் நெஃப்ரைட்டிஸ் (சிறுநீரக அழற்சி): சி3 ஏறுகிறது, சிஎச்50 மட்டும் பூஜ்யம். எதை நம்புவது?

தக்கலை_கிளினிக்

7 வயதுப் பையன், குளச்சல் பக்கம். விரலிடுக்கிலும் காலிலும் சொறி. சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்திருக்கிறது. அதன்பின் நாலு வாரத்தில் முகம் வீங்கி, சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போயிருக்கிறது. அப்போது பி.பி. 132/90, கிரியேட்டினின் 1.1, காம்ப்ளிமென்ட் எனும் ரத்த நோயெதிர்ப்புப் புரதங்களில் சி3 24 (இயல்பு 90–180 மி.கி./டெ.லி.), சி4 22 (இயல்பு 10–40). ஏஎஸ்ஓ (ஸ்ட்ரெப்டோகாக்கஸின் ஸ்ட்ரெப்டோலைசினுக்கு எதிரான ஆன்டிபாடி) 150, அதாவது ஏறவில்லை.

இப்போது 9-வது வாரம். வீக்கம் இல்லை, மருந்தில்லாமலே பி.பி. 100/64, கிரியேட்டினின் 0.5. சிறுநீரில் புரதம் லேசாக, சிவப்பணு 15–20. சி3 58, சி4 24. கூடவே அனுப்பிய சிஎச்50 (காம்ப்ளிமென்ட் வேலை செய்கிறதா என்ற பரிசோதனை) மட்டும் 'கண்டறிய முடியாத அளவு' என்று வந்திருக்கிறது.

ஏஎஸ்ஓ ஏறாததால் இது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் வந்ததுதானா? 8 வாரம் தாண்டியும் சி3 சரியாகாததால் பயாப்சிக்கு அனுப்ப வேண்டுமா? சிஎச்50 பூஜ்யம் என்றால் பிறவியிலேயே காம்ப்ளிமென்ட் குறைபாடு, மூளைக்காய்ச்சல் பயம் என்று பெற்றோரிடம் சொல்ல வேண்டுமா?

குழித்துறை_லேப்

சிஎச்50-யிலிருந்து தொடங்குகிறேன், குழப்பத்தின் வேர் அங்கேதான்.

சி3, சி4 பரிசோதனை அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. சிஎச்50 அப்படியல்ல, புரதங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது. ஆன்டிபாடி பூசிய ஆட்டுச் சிவப்பணுவோடு சீரத்தைக் கலந்து, பாதி அணுக்களை உடைக்க எவ்வளவு சீரம் வேண்டும் என்று கணக்கிடுவார்கள். சி1 முதல் சி8 வரை ஒரு கண்ணி அறுந்தாலும் அணு உடையாது. அந்தக் கண்ணி பிறவியிலேயே இல்லாமலிருக்கலாம், வழியிலே கெட்டும் போயிருக்கலாம். ரிப்போர்ட் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கெடுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு, லேபில் வேண்டுமென்றே காம்ப்ளிமென்டைச் சாகடிக்கும் முறையே சாட்சி: சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் போதும். அறை வெப்பத்தில் அதே வேலை மெதுவாக நடக்கும். மாதிரி எடுத்த விதத்தைச் சொல்லுங்கள்: எந்தக் குழாய், எப்போது பிரித்தது, எந்தக் குளிரில் போனது? சி3-யும் அதே குழாயிலிருந்தா?

வேளிமலை (குழந்தைகள் சிறுநீரகம்)

ஏஎஸ்ஓ பற்றி மட்டும் முதலில். தோல் புண்ணுக்குப் பின் அது பெரும்பாலும் ஏறாது. ஸ்ட்ரெப்டோலைசினைத் தோலிலுள்ள கொழுப்பு முடக்கிவிடுவதால் ஆன்டிபாடி சரியாக உருவாவதில்லை. அதே கிருமிக்கு எதிரான இன்னோர் ஆன்டிபாடியான ஆன்டி-டிஎன்ஏஸ் பி கேட்டிருக்க வேண்டும். கால இடைவெளியும் பொருந்துகிறது: தொண்டைத் தொற்று என்றால் 1–3 வாரம், தோல் என்றால் 3–6 வாரம்.

சி3 குறைந்து சி4 அப்படியே இருப்பது பெரிய துப்பு. ஆன்டிபாடி வழியாகத் தொடங்கும் கிளாசிகல் பாதை ஓடினால் சி4, சி2 முதலில் செலவாகும். லூபஸ் எனும் தன்னெதிர்ப்பு நோயில் சி3, சி4 இரண்டும் விழுவது அதனால்தான். இங்கே செலவாவது ஆல்டர்நேட்டிவ் பாதையில். அதில் சி3பி-யோடு ஃபேக்டர் பி சேர, ஃபேக்டர் டி அதை வெட்ட, உருவாகும் நொதி மேலும் சி3-யை வெட்டிக்கொண்டே போகும். உண்டாகும் ஒவ்வொரு சி3பி-யும் அடுத்த நொதிக்கு விதை. ஃபேக்டர் எச்-சும் ஃபேக்டர் ஐ-யும்தான் அதற்குக் கடிவாளம். தொற்றுக்குப் பின் வரும் நெஃப்ரைட்டிஸில் இந்த ஓட்டம் தற்காலிகம். பல பிள்ளைகளிடம் ஃபேக்டர் பி-க்கு எதிரான ஆன்டிபாடி சில வாரம் தோன்றி மறைவதைக் கண்டிருக்கிறார்கள். சி3 குளோமெருலோபதி என்ற வேறொரு சிறுநீரக நோயில் கடிவாளமே பழுது, அல்லது சி3 நெஃப்ரைட்டிக் ஃபேக்டர் என்ற ஆன்டிபாடி அந்த நொதியைக் கலையவிடாமல் பிடித்து வைக்கிறது. அதனால் சி3 கீழேயே கிடக்கும்.

பயாப்சிக்கு 8 வாரம் கோடு போட்ட எல்லை அல்ல. பெரும்பாலோருக்கு 6–8 வாரத்தில் சி3 இயல்பாகும், சிலருக்கு 12 வரை இழுக்கும். 24 மெய்யாகவே 58 ஆகியிருந்து, கிரியேட்டினினும் இறங்கி, புரதமும் லேசாகத்தான் என்றால் 12 வாரம் வரை பொறுக்கலாம். சிவப்பணு ஒன்றிரண்டு வருடம்கூடச் சிறுநீரில் தென்படும், அதை மட்டும் வைத்து பயாப்சி செய்யத் தேவையில்லை.

தக்கலை_கிளினிக்

நன்றி. ஜெல் குழாய்தான். காலை 10 மணிக்கு எடுத்தது, மதியத்துக்கு மேல் பிரித்தார்கள். சாதாரண ஐஸ் பேக் போட்ட பெட்டியில் மாலை பஸ்ஸில் சென்னைக்கு. பரிசோதனை மறுநாள் பிற்பகல். சி3, சி4-ம் அதே பார்சல். முதல் சி3 நாகர்கோவிலில், எடுத்த அன்றே செய்தது.

குழித்துறை_லேப்

அப்படியானால் அந்தச் சிஎச்50-ஐக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அதைவிட முக்கியமாக, 58 என்ற எண்ணும் சந்தேகத்துக்குரியது.

சீரம் வெளியே கிடக்கும்போது சி3 தானாகவே உடைந்து சி3சி என்ற துண்டாகும். சி3-யை அளக்கும் டர்பிடிமெட்ரி, நெஃபலோமெட்ரி முறைகளில் பல கிட்டுகளின் ஆன்டிபாடி பிடிப்பதே அந்தத் துண்டைத்தான். எனவே பழைய சீரத்தில் சி3 குறைவாக அல்ல, கூடுதலாகக் காட்ட வாய்ப்புண்டு. உண்மையில் 40-ஆக இருந்து 58 என வந்திருக்கலாம். லேபும் வேறு, கிட்டும் வேறு. வேளிமலை டாக்டர் சொன்ன 'பொறுக்கலாம்' முழுக்க இந்த ஏற்றத்தை நம்பியிருப்பதால், முதலில் செய்த அதே லேபில், எடுத்த அன்றே, சி3-யை மட்டும் திரும்பப் பாருங்கள்.

தேங்காப்பட்டணம்_எம்டி

பிறவிக் குறைபாட்டை அப்படிச் சட்டென்று தள்ளிவிடலாமா? ஏபி50-யும் சேர்த்து அனுப்பினால் ஒரே தடவையில் முடியுமே. முயல் சிவப்பணுவை வைத்து ஆல்டர்நேட்டிவ் பாதையை அளப்பது அது. சிஎச்50 பூஜ்யம், ஏபி50 இயல்பு என்றால் சி1, சி2, சி4-இல் ஒன்று இல்லை. இரண்டும் பூஜ்யம் என்றால் சி3, அல்லது சி5-க்குக் கீழே ஏதோ ஒன்று. ஏபி50 மட்டும் பூஜ்யம் என்றால் ஃபேக்டர் பி, டி, அல்லது ப்ராப்பர்டின்.

வேளிமலை (குழந்தைகள் சிறுநீரகம்)

கணக்கு சரி, ஆனால் இந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். சி3 இப்படிச் செலவாகிக் கிடக்கும்போது ஏபி50 எப்படியும் தாழ்ந்துதான் வரும். அதிலிருந்து ஒன்றும் பிரித்தெடுக்க முடியாது. சி3 இயல்பானபின், நல்ல மாதிரியில் சிஎச்50 ஒருமுறை. அப்போதும் பூஜ்யம் என்றால்தான் ஏபி50.

பெற்றோரிடம் மூளைக்காய்ச்சல் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் போன்ற நைசீரியா கிருமியைக் கொல்ல சி5 முதல் சி9 வரை சேர்ந்து அதன் சவ்வில் துளை போட வேண்டும்; அந்தக் கண்ணிகள் இல்லாதவர்களுக்குத்தான் மெனிங்கோகாக்கஸ் திரும்பத் திரும்ப வரும். சி5-ஐத் தடுக்கும் எக்குலிசுமாப் தொடங்குமுன் குறைந்தது 2 வாரத்துக்கு முன்பே தடுப்பூசி போடச் சொல்வதும் இதே காரணத்துக்காக. கெட்டுப்போன ஒரு சீரத்தை வைத்து ஒரு குடும்பத்தை அந்தப் பயத்தில் தள்ளுவது நியாயமே இல்லை.

12 வாரத்தில் சி3 இன்னும் தாழ்ந்திருந்தால், அல்லது அதற்கு முன்பே புரதமோ கிரியேட்டினினோ ஏறினால், பயாப்சி. இம்யூனோஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் ஆன்டிபாடி வைத்துப் படிவுகளைப் பார்ப்பது) மட்டும் போதாது, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் திசு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கூம்பு போன்ற படிவுகள் தொற்றுக்குப் பின் வரும் நெஃப்ரைட்டிஸ், சி3 குளோமெருலோபதி இரண்டிலும் வரும் என்பதால் அதுவும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது.

குழித்துறை_லேப்

பின்னால் சிஎச்50 அனுப்பும்போது: ஜெல் இல்லாத சிவப்பு மூடிக் குழாய். அறை வெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம் உறையவிட்டு உடனே சுழற்றி, சீரத்தை இரண்டு சிறு குழாயில் பிரித்து, எடுத்த 2 மணி நேரத்துக்குள் மைனஸ் 70-இல் உறைய வையுங்கள். மைனஸ் 20 ஃப்ரீசரில் நாள்கணக்கில் வைத்தால் வீரியம் போய்விடும். பயணம் முழுக்க டிரை ஐஸ். அது மைனஸ் 78. துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸ் பூஜ்யம் டிகிரிதான், அது இதற்கு ஆகாது. நடுவில் உருகி மறுபடி உறைந்தால் அந்தக் குழாயைத் தூக்கி எறிய வேண்டியதுதான். இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம்) குழாயில் சிஎச்50 பார்க்கவே முடியாது, கால்சியத்தை அது கட்டிவிடும்.

வேளிமலை (குழந்தைகள் சிறுநீரகம்)

கேள்வியில் இல்லாத ஒன்று: வீட்டில் சொறி இன்னும் இருக்கிறதா? ருமாட்டிக் காய்ச்சலுக்குப் போல மாதாமாதம் பெனிசிலின் இதற்கு வேண்டாம், இந்த நெஃப்ரைட்டிஸ் இரண்டாம் முறை வருவது அபூர்வம். ஆனால் தம்பி தங்கைகளுக்கு முதல் முறையாக வரும். பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம், வீட்டில் எல்லாரும் ஒரே இரவில், கழுத்துக்குக் கீழே விரலிடுக்கு, தொப்புள், நக ஓரம் விடாமல் பூசி, 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். 7-வது நாள் மறுபடி. அரிப்பு இல்லாதவரும் பூச வேண்டும். ஒருவரை விட்டால் அவரிடமிருந்து திரும்பும். துவைக்க முடியாத போர்வையைப் பிளாஸ்டிக் பையில் 3 நாள் கட்டி வைத்தாலே போதும்.

தக்கலை_கிளினிக்

தங்கைக்கும் அம்மாவுக்கும் சொறி இருக்கிறது. க்ரீம் இன்றே எழுதிவிடுகிறேன். சி3 நாளை நாகர்கோவிலில்; எண் வந்ததும் இங்கே போடுகிறேன்.