நீதிபதி சாய்வாரோ என்ற ஐயம்: தமிழில் ஒரு சொல் வேண்டும்

மடல் 1, டொம்லூரிலிருந்து

பெங்களூர்த் தமிழ்க் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சட்டக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘அப்ரிஹென்ஷன் ஆஃப் பயஸ்’ பத்து வரிக்கு ஒரு தரம் வருகிறது. நீதிபதி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று இதற்குப் பொருள் இல்லை. சாயக்கூடும் என்று வழக்காடுபவருக்கோ வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ நியாயமாகப் படுகிறது, அவ்வளவுதான். ‘ஒருதலைச்சார்பு குறித்த நியாயமான அச்சம்’ என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது. ஒரே சொல்லாக ஏதாவது கிடைக்குமா? கட்டுரை அரசியல் வழக்குகளைப் பற்றியது. அதனால் சொல் எந்த நீதிபதியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது.

மடல் 2, ஜெயநகரிலிருந்து

‘பாரபட்சம்’ இருக்க இன்னொரு சொல் எதற்கு? பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்த சொல். ‘பாரபட்சத் தோற்றம்’ என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள். நான் மேயோ ஹால் கோர்ட்டில் வக்கீலாக இருந்தபோது கட்சிக்காரர்கள் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள்: ‘அந்த ஐயா அவங்க ஆளு சார்.’ அதற்கு மேல் ஒரு கலைச்சொல் என்ன விளக்கிவிடப் போகிறது?

மடல் 3, அல்சூரிலிருந்து

வணக்கம். ஜெயநகர் ஐயாவின் கட்சிக்காரர் சொன்ன ‘அவங்க ஆளு’ இருக்கிறதே, அதில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நீதிபதியின் மனசு எப்படி இருக்கிறது என்பது ஒன்று. எதிரே நிற்கிறவருக்கு எப்படிப் படுகிறது என்பது இன்னொன்று. முதலாவதைச் சட்டம் பெரும்பாலும் தோண்டிப் பார்ப்பதே இல்லை. தோண்டினாலும் கையில் எதுவும் சிக்காது என்று அதற்குத் தெரியும்.

1969இல் வந்த கிரைபக் வழக்குத் தீர்ப்பைப் பாருங்கள். இந்திய வனப் பணிக்கு ஜம்மு காஷ்மீரிலிருந்து ஆள் எடுக்க ஒரு தேர்வுக் குழு. அங்கே பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலராக இருந்தவர் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பணிக்குப் போட்டியிட்டவர்களில் அவரும் ஒருவர். தன் பெயர் எடுக்கப்பட்டபோது அவர் உட்காரவில்லை. போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வை ரத்து செய்தது. அவர் உண்மையில் சாய்ந்தாரா என்பது கேள்வியே இல்லை, ஒருவரின் மனநிலையை நிரூபிப்பது கடினம், சாய்ந்திருக்கக்கூடும் என்று நம்ப நியாயமான காரணம் உண்டா என்று பார்த்தால் போதும் என்றது.

அதை எழுதியவர் யார் தெரியுமா? கே.எஸ். ஹெக்டே. மாநிலங்களவையில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்துவிட்டு 1957இல் மைசூர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனவர். 1973இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டபோது, தாண்டப்பட்ட மூவரில் ஒருவர். பதவியை விட்டு விலகினார். 1977இல் நம் பெங்களூர் தெற்குத் தொகுதியில் ஜனதா சார்பில் நின்று வென்று, மக்களவைத் தலைவராகவும் உட்கார்ந்தார். இன்றைக்கு ஒரு நீதிபதிக்கு இப்படியொரு வரலாறு இருந்தால் டிவி விவாதங்கள் எத்தனை நாள் ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்! முன்னும் பின்னும் கட்சி அரசியலில் இருந்தவர் எழுதியதுதான் சார்பு பற்றி நாம் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு. பழைய கட்சித் தொடர்பு ஒன்றை மட்டும் வைத்து ‘அவங்க ஆளு’ என்று முத்திரை குத்துவதில் எனக்குத் தயக்கம் வருவது இதனால்தான். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான வி.ஆர். கிருஷ்ணய்யர் 1957 கேரள அமைச்சரவையில் இருந்தவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் 1987இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கு. ராணுவத்தில் ஒரு படைவீரர், தன் மேலதிகாரியைப் பற்றி இன்னும் மேலே இருப்பவருக்கு எழுதிப் போட்டார். பிறகு அவர்மேல் வந்த குற்றச்சாட்டு, கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட மறுத்தார் என்பது. விசாரித்த ராணுவ நீதிமன்றத்தில் அதே மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். ‘நான் சார்போடு இருக்கிறேனா’ என்று நீதிபதி எவ்வளவு நேர்மையாகத் தன் மனதைக் கேட்டுக்கொண்டாலும் போதாது, எதிரே நிற்கிறவரின் மனதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அப்போதுதான்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் பார்க்கிறவர் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். ‘பாரபட்சத் தோற்றம்’ அதைச் செய்யவில்லை. தோற்றம் என்றதும் அது நீதிபதிமேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றாகிவிடுகிறது. ‘வெறும் தோற்றம், உண்மையில்லை’ என்ற வாடையும் அடிக்கிறது. ‘பட்சபாதம்’ என்று போகலாமென்றால் பெங்களூர்க் காதுக்கு வேறு தொல்லை, கன்னடத்தில் பக்ஷ என்றாலே அரசியல் கட்சிதான். ‘கட்சிச்சார்பு’ இன்னும் மோசம். உயர் நீதிமன்றம் இருக்கும் அத்தாரா கச்சேரிக்குள் கட்சிக்காரர் என்றால் வக்கீலிடம் வழக்கு கொடுத்தவர். ரோட்டைத் தாண்டி, சட்டமன்றம் இருக்கும் விதான சௌதா பக்கம் வந்துவிட்டால் அதே கட்சிக்காரர் கொடி பிடிப்பவர்.

உண்மையிலேயே மனதுக்குள் இருக்கும் சாய்வுக்குக் குறள் 119இல் ஒரு சொல் தயாராக இருக்கிறது: உட்கோட்டம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பார்ப்பவர் பக்கத்துக்கு என் பரிந்துரை, சார்பு + ஐயம் = சார்பையம்.

மடல் 4, மர்ஃபி டவுனிலிருந்து

அல்சூர் ஐயாவுக்கு வணக்கம். நான் பத்திரிகைக்காரி. செய்தியில் ‘சார்பையம்’ என்று எழுதினால் எங்கள் உதவி ஆசிரியர் ‘சார் பையன்’ என்று திருத்திவிடுவார்.

விளையாட்டு போகட்டும். குற்றவியல் வழக்கில் ‘சந்தேகத்தின் பலன்’ என்பதை ‘ஐயத்தின் பலன்’ என்றும் எழுதுகிறோம். அந்த ஐயம் நீதிபதிக்கு வருவது, குற்றவாளி இவர்தானா என்று. உங்கள் ஐயம் நீதிபதிமேல் வருவது. இரண்டும் ஒரே செய்தியில் வந்தால் வாசகர் என்ன செய்வார்? மூலத்தில் இருப்பதும் அச்சம்தானே. ‘சார்பச்சம்’ என்று வைத்தால் என்ன?

இன்னொன்று. பெங்களூர்த் தமிழர்கள் இதைப் பற்றிப் பேசிவிட்டு ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கைத் தொடாமல் போவது எப்படி? உங்கள் சொல் அந்த வழக்கில் எங்கே பொருந்துகிறது என்று காட்டுங்கள், அப்புறம் ஒத்துக்கொள்கிறேன்.

மடல் 5, அல்சூரிலிருந்து

அம்மா, நல்ல சோதனை. அந்த வழக்கைக் கட்டம் கட்டமாகப் பார்த்துவிடலாம்.

2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் சென்னையிலிருந்து கர்நாடகத்துக்கு மாற்றியது. கேட்டவர் தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன். அரசியல் எதிரி கேட்கிறாரே என்று தள்ளிவிடவில்லை, அவருக்கும் நீதி நிர்வாகத்தில் அக்கறை உண்டு என்றது நீதிமன்றம். ஆனால் மாற்றியதற்குக் காரணம் சென்னை நீதிபதி சாய்ந்தார் என்பதல்ல. 2001இல் ஆட்சி மாறிய பிறகு, ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டுப் போனவர்கள் பலர் மறுபடி அழைக்கப்பட்டுப் பிறழ்ந்தார்கள். அரசு வக்கீல் அதை எதிர்க்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் அரசே குற்றம் சாட்டும் தரப்பாகவும் இருந்தது. அங்கே கோணியது வழக்கு நடத்திய பக்கம். இதற்குச் சார்பையம் பொருந்தாது. ‘நேர்மையான விசாரணை நடக்காதோ என்ற ஐயம்’ என்று விரித்தே எழுத வேண்டும். இப்படிப் பொருந்தாத இடத்தைக் காட்டிக்கொடுப்பதும் சொல்லுக்கு ஒரு தகுதிதான் என்பேன்.

2014 செப்டம்பர் 27, பரப்பன அக்ரஹாராவில் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு. நான்கு ஆண்டுச் சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். காவிரித் தகராறைத் தீர்ப்போடு முடிச்சுப் போட்டுப் பேசியவர்களை நாம் எல்லாருமே கேட்டோம். இந்த ஊரில் தமிழ் பேசிக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. அது சார்பையம்தான், ஆனால் தகாத சார்பையம். நீதிபதியின் மாநிலத்தைத் தவிர வேறு ஆதாரம் எதையும் அது காட்டவில்லை.

2015 மே 11, உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இப்போது சந்தேகப்படுவது எதிர்முகாமின் முறை. தீர்ப்பில் கடன் தொகைகளைக் கூட்டியதில் பிழை இருந்தது, அரசு வக்கீல் அதைச் சுட்டிக்காட்டினார். உடனே வாட்ஸ்அப்பில் என்னென்னவோ கதைகள். கூட்டல் பிழை பிழைதான். அதைத் திருத்த மேல்முறையீடு இருக்கிறது, 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பையே நிலைநிறுத்தியும்விட்டது. தீர்ப்பு தவறு என்பதற்கும் நீதிபதி சாய்ந்தார் என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. நமக்குப் பிடிக்காத தீர்ப்பு வரும்போதெல்லாம் அந்த இடைவெளியை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறோம். எல்லாக் கட்சிக்காரர்களும்தான். ஜெயநகர் ஐயா, இது கொடி பிடிக்கும் கட்சிக்காரர்.

இப்போது ‘அச்சம்’. தோற்றுவிடுவோமோ என்ற பயம் எல்லா வழக்காளிக்கும் உண்டு. ‘சார்பச்சம்’ என்றால் அந்தப் பயமும் உள்ளே நுழைந்துவிடும். தவிர, பெங்களூர் கோட்பாடுகள் என்று நம் ஊர்ப் பெயரிலேயே நீதிபதிகளுக்கான நடத்தை விதிகள் இருக்கின்றன. 2001இல் இங்கே வரைவு எழுதி, 2002இல் தி ஹேக்கில் முடிவு செய்தது. அது யாருடைய கண்ணால் பார்க்கச் சொல்கிறது என்றால், நியாயமாகப் பார்க்கும் ஒருவரின் கண்ணால். வழக்கில் சம்பந்தமே இல்லாத அவருக்கு அச்சம் எதற்கு? ஐயம் வரலாம்.

இன்னொரு வழக்கையும் போட்டுப் பார்த்தேன். 2021இல் நந்திகிராம் தேர்தல் முடிவை எதிர்த்து மம்தா பானர்ஜி போட்ட மனு. அதை விசாரிக்க வந்த நீதிபதி கௌசிக் சந்தா ஒரு காலத்தில் பா.ஜ.க.வின் சட்டப் பிரிவோடு தொடர்பில் இருந்தவர், அதனால் விலக வேண்டும் என்று மம்தா கேட்டார். நீதிபதி அந்த வாதத்தை ஏற்கவில்லை, 5 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார், சர்ச்சை நீளக் கூடாது என்று விலகவும் செய்தார். இதைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள்? ‘பாரபட்சம் காரணமாக விலகினார்’ என்றால் பொய். ‘சார்பையம் எழுப்பப்பட்டது, நீதிபதி அதை ஏற்காமலே விலகினார்’ என்றால் நடந்தது நடந்தபடி வருகிறது.

‘சார் பையன்’ பிரச்சினைக்கு, செய்தியில் ‘சார்பு ஐயம்’ என்று பிரித்தே எழுதுங்கள்.

மடல் 6, மர்ஃபி டவுனிலிருந்து

பிரித்து எழுதுவதானால் சம்மதம். ஆனால் ‘தகுந்த’ என்ற அடை இல்லாமல் இதைத் தலைப்பில் போட மாட்டேன். வெறும் ‘நீதிபதிமீது சார்பு ஐயம்’ என்று வந்தால் டீக்கடையில் அது ‘நீதிபதி வாங்கிட்டாராம்’ என்று ஆகிவிடும்.

மடல் 7, ஜெயநகரிலிருந்து

சரி, எழுதிக்கொள்ளுங்கள். நான் இன்னமும் பாரபட்சம்தான் சொல்வேன்.

மடல் 8, டொம்லூரிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. கட்டுரையில் உண்மைச் சாய்வுக்கு ‘உட்கோட்டம்’, பார்ப்பவர் பக்கத்துக்கு ‘தகுந்த சார்பு ஐயம்’ என்று மாற்றிவிட்டேன். இரண்டையும் முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கத்தோடு கொடுக்கிறேன்.

அடுத்த சிக்கல் ‘ரெக்யூசல்’, அதாவது நீதிபதி ஒரு வழக்கை விசாரிப்பதிலிருந்து தானே ஒதுங்கிக்கொள்வது. வெறும் ‘விலகல்’ என்றால் ஹெக்டே 1973இல் செய்த பதவி விலகலோடு குழம்புகிறது. ‘வழக்கு விலகல்’ என்றால் வழக்காளி வழக்கை வாபஸ் வாங்கியதுபோல இருக்கிறது. ‘அமர்வு விலகல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இப்படி விலகும் நீதிபதி அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று 2015 நீதிபதிகள் நியமன ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த குரியன் ஜோசப் எழுதியிருக்கிறார், அந்தப் பத்திதான் அடுத்து மொழிபெயர்க்க வேண்டியது. புது இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.