திகுவாக்: பெற்றவள் ஒருத்தி, சுமப்பவள் ஒருத்தி

நெய்தல்:
கனடாவின் நுனவுட் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள், பிறந்த குழந்தையை உறவினரிடம் வளர்க்கக் கொடுப்பது பழைய வழக்கம். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பேசி முடித்துவிடுகிறார்கள். அந்த ஊரைச் சேர்ந்த தத்து ஆணையர் எழுதும் சான்றிதழை நீதிமன்றத்தில் பதிந்தால், அது தீர்ப்புக்குச் சமம். வழக்கறிஞரும் தேவையில்லை, வீட்டுக்கு வந்து விசாரிப்பவரும் இல்லை. எல்லாரும் இதைப் புகழ்கிறார்கள், எனக்கு உறுத்துகிறது. 17 வயதுப் பெண்ணிடம் அவள் அம்மாவே "இந்தப் பிள்ளை எனக்கு" என்று கேட்டால், அவளால் மறுக்க முடியுமா?

பனிமுகடு:
நுனவுட்டின் தலைநகர் இக்கலூயிட்டில் சில காலம் செவிலியராக இருந்தேன். சிறிய ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே விமானத்தில் அங்கே வந்துவிடுவார்கள். ஒருமுறை வளர்க்கப்போகிறவளும் கூடவே வந்திருந்தாள். குழந்தையை அமௌட்டியில், அதாவது முதுகுப் பக்கம் பை வைத்துத் தைத்த மேலங்கியில், இறக்கினாள். வெளியே மூக்கு மட்டும் தெரிந்தது. பெற்றவள் எழுந்து வந்து தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அழுகையும் இருந்தது, மறைக்கவில்லை. 'திகுவாக்' என்றால் எடுத்துக்கொள்ளப்பட்டவர். யார் பெற்றது என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தத்து என்ற பேச்சையே கல்யாணம்வரை மூடிவைக்கும் நாம் உறுத்தலைப் பற்றிப் பேசலாமா?

கல்வெட்டு:
இதைச் சட்டம் உண்டாக்கவில்லை, பின்னால் ஓடிவந்து ஒப்புக்கொண்டது. 1961இல் வடமேற்குப் பிரதேச நீதிபதி ஜான் சிஸன்ஸ் இந்த வழக்கத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு என்றார். சான்றிதழ் முறை 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 1999இல் நுனவுட் அந்தப் பிரதேசத்திலிருந்து பிரிந்து தனிப் பிரதேசமானபோது அந்தச் சட்டமும் கூடவே வந்தது.

நெய்தல்:
நீதிபதி ஒப்புக்கொண்டால் கேள்வி தீர்ந்துவிடுமா, ஐயா? அண்ணன் தம்பிகள் எல்லாம் பெற்ற வீட்டில் இருக்க, என்னை மட்டும் ஏன் கொடுத்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால்? வளர்ப்பவளுக்குத் தாய்ப்பால் இல்லை. வடக்கே பால்மாவு விற்கும் விலையும் உங்களுக்குத் தெரியும்.

பனிமுகடு:
பால்மாவு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மறுக்க முடியாது என்பதுதான் தவறு. கொடுப்பதாகச் சொன்ன ஒருத்தி, கையில் வாங்கியதும் மனம் மாறினாள். கேட்டு வந்த அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் பிள்ளையைப் பறிக்கவில்லை.

நெய்தல்:
ஒருத்தி மறுத்தாள். மறுக்காமல் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு வாய் வரவில்லை என்பதை நீங்கள் எப்படி அறிவீர்கள்?

பனிமுகடு:
அறிய மாட்டேன், அக்கா.

கல்வெட்டு:
இடையில் ஒன்று. இறந்தவரின் பெயரைக் குழந்தைக்கு வைத்து, அந்த உறவுமுறையையும் சேர்த்தே அழைப்பது அவர்கள் வழக்கம். தன் தகப்பன் பெயரை இட்டால், தாய் அந்தக் கைக்குழந்தையை 'அப்பா' என்பாள். பெயரன்தான் பேரன் ஆனான் என்று சொல்லும் நமக்கு இது புரியும்.

பனிமுகடு:
நான் சொன்ன அமௌட்டிக் குழந்தையையும் வளர்த்தவள் அப்படித்தான் அழைத்தாள். பெற்றவளும்தான். இருவரும் அக்கா தங்கைகள்.