ஆப்பிள் தோட்டமோ பூசணிக்காயோ சிவந்த இலையோ, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

நிலாமுற்றம் (மிசிசாகா):
கனடாவில் அக்டோபரில் வரும் தாங்க்ஸ்கிவிங் வாரக்கடைசி, மில்டன் பக்கம், நாமே பறித்துக்கொள்ளும் ஆப்பிள் தோட்டம். எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒரே மாதிரிதான், டிராக்டர் சவாரி, வைக்கோல் கட்டு மேல் உட்கார்ந்து போட்டோ, சைடர் டோனட்டுக்கு வரிசை. காசு வாங்கும் மேசையில் ஒரு பெரியவர். கூடையைப் பார்த்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்றார். ஆப்பிள் பை (மாவுக்குள் ஆப்பிள் துண்டுகளை அடைத்துச் சுடும் பலகாரம்) என்றேன். மனுஷன் பதிலே பேசவில்லை. நான் பறித்த மெக்கின்டாஷ் வகை ஆப்பிள் ஒன்றை எடுத்து, இரண்டு கட்டைவிரலையும் காம்புக் குழியில் வைத்து ஒரு அழுத்து. கத்தி கிடையாது. சத்தமில்லாமல் பிளந்தது. அப்புறம் மேசைக்கு அடியில் இருந்த மரப்பெட்டியிலிருந்து கோணல்மாணலாக ஒரு நார்தர்ன் ஸ்பை வகை ஆப்பிளை எடுத்து அதையும் அதே மாதிரி. இது 'படக்'கென்று முறிந்தது, பின்னால் நின்ற குழந்தை திரும்பிப் பார்த்தது. "இது அடுப்பில் நிற்கும், அது சாஸ் ஆகிவிடும்" என்று நான்கைந்தை என் கூடையில் போட்டார், காசு வாங்கவில்லை. இத்தனைக்கும் மெக்கின்டாஷ் ஒன்டாரியோவின் சொந்தப் பழம், 1811-ல் ஜான் மெக்கின்டாஷ் டன்டெலாவில் நிலம் திருத்தும்போது கண்டெடுத்த கன்றிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள், இவர் அதைப் போய் இப்படி மட்டம் தட்டுகிறார். அதற்குப் பிறகு வீட்டில் எந்த ஆப்பிள் கையில் கிடைத்தாலும் அப்படிப் பிளந்து பார்க்கிறேன். கட்டைவிரல் வலிதான் மிச்சம்.

அடுப்படி (மார்க்கம்):
ஸ்பையைத் தவிர வேறு எதுவும் ஆகாது என்ற மாதிரி சொல்லாதீர்கள், அது அக்டோபர் பாதிக்கு மேல்தான் ஒழுங்காகக் கிடைக்கும், அதுவரை ஆப்பிள் பையே செய்யக்கூடாதா? கோர்ட்லாண்ட் நன்றாக வரும், அரிந்து வைத்தாலும் சீக்கிரம் கறுக்காது. நான் ஸ்பையும் மெக்கின்டாஷும் கலந்தே போடுவேன், துண்டு துண்டாகவும் இருக்கும், இடையில் குழம்பும் இருக்கும்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஆபீஸுக்கு நான் கொண்டுபோன ஆப்பிள் பையில் ஒரு துண்டை ஒரு சக ஊழியர் வாயில் வைக்கும் முன்பே முள்கரண்டியால் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்தார். ஈரமாக இருக்கிறதா என்று. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் தாங்கவில்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அரிந்த ஆப்பிளில் சர்க்கரை, பட்டைத்தூள், கொஞ்சம் எலுமிச்சை கலந்து அரை மணி நேரமாவது விடுங்கள், தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்தத் தண்ணீரை வடித்துத் தனியே சுண்டக் காய்ச்சி, சோளமாவோடு சேர்த்துத் திரும்ப ஊற்றுங்கள். மாவுக்கு வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வரவேண்டும், பட்டாணி அளவுக் கட்டிகள் கண்ணுக்குத் தெரியவேண்டும், அது அடுப்பில் உருகி அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகும்போதுதான் அடுக்கு பிரியும். சப்பாத்தி மாவு பிசைகிற கையை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், பிசைந்தால் தோல் மாதிரி ஆகிவிடும். ஓவனின் கீழ்த்தட்டில் ஒரு தகரத் தட்டை முதலிலேயே சூடாக்கி அதன் மேல் வையுங்கள், முதல் இருபது நிமிடம் 425 ஃபாரன்ஹீட், பிறகு 375, மேலே கீறல் போட மறக்காதீர்கள். முக்கியமானது, வெந்ததும் வெட்டாதீர்கள். ஆறினால்தான் சாறு இறுகும், மூன்று மணி நேரமாவது வேண்டும். வீட்டில் யார் அத்தனை நேரம் பொறுப்பார்கள் என்பது வேறு கதை.

குளிர்காலக் குருவி (ஸ்காபரோ):
அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற வருசம். மேப்பிள் மரம் சிவந்திருக்கிறதைப் பார்க்க அல்கொன்குயின் பூங்காவுக்குக் கூட்டிப் போவம் என்று விடியவே வெளிக்கிட்டு, நெடுஞ்சாலை 60-இல் கார் ஊர்ந்து ஊர்ந்து, மேற்கு வாசலில் போய் நின்றால் அன்றைய அனுமதி முடிந்துவிட்டது, முன்கூட்டியே பதிந்திருக்க வேணும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் மனுசர் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு கவலையும் இல்லை, வழியெல்லாம் பார்த்தாச்சுத்தானே பிள்ளை, இதைவிட அங்கே என்ன இருக்கப்போகுது என்றா.

திரும்பி வரும்போது ஒரு சின்ன ஊர்த் தேவாலய வாசலில் மேசை போட்டு வயதான பெண்கள் பை விற்றுக்கொண்டு நின்றார்கள். பூசணிப் பை ஒன்று வாங்கி, கார் பொனற்றிலேயே வைத்து வெட்டினோம். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது வட்டிலப்பம்" என்றா. நான் சிரித்தேன், அவ சிரிக்கவில்லை. முட்டை, பால், சாதிக்காய், கறுவா, எல்லாம் சரி, தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் இல்லாத குறைதான் என்று அந்த மேசைக்கே போய்க் கையால் காட்டிச் சொல்லத் தொடங்கிவிட்டா, நான் நடுவில் மொழிபெயர்ப்பு. அந்தப் பெண் உண்மையிலேயே ஆர்வமாகி, எழுதித் தாருங்கோ என்று ஒரு ரசீதுத் துண்டை நீட்டினா. அம்மா வாங்கி, முழுவதையும் தமிழில் எழுதிக் கொடுத்தா! நான் வாய் திறக்கும் முன்பே அந்தப் பெண் அதை நாலாக மடித்து ஏப்ரன் சட்டைப்பைக்குள் வைத்துத் தட்டிக்கொண்டா. பின்னால் வேற ஆட்கள் நின்றதால் வந்துவிட்டோம். அவ அதை வைத்து என்ன செய்திருப்பா என்று ஒவ்வொரு அக்டோபரும் யோசிக்கிறேன்.

ஒட்டாவா ஒருத்தி:
குருவி அக்கா, தாங்க்ஸ்கிவிங் சமயத்தில் போயிருந்தால் உள்ளே விட்டிருந்தாலும் சிவப்பில் பாதி தரையில்தான் கிடந்திருக்கும். அல்கொன்குயினில் சர்க்கரை மேப்பிளுக்கு செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் சில நாட்கள், அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஆஸ்பன், பிர்ச் மரங்களின் மஞ்சள், கடைசியாக டாமரக் மரம். மஞ்சள் இலைக்குள் முதலிலிருந்தே இருக்கிறது, பச்சையம் சிதைந்தால் தெரிகிறது. சிவப்பை மரம் அந்த நேரத்தில் புதிதாகத் தயாரிக்கிறது, அதற்குப் பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் வேண்டும். மேகம் மூடிய வருடங்களில் மங்கலாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்ததே கட்டினோ பூங்காவின் ஷாம்ப்ளேன் பார்வைமேடையில் ஒரு அம்மையாரால். பச்சை ஜாக்கெட் போட்டிருந்தேன், பூங்கா ஊழியர் என்று நினைத்துவிட்டார் போல. நேராக வந்து, "சிவப்பு எங்கே?" என்றார். அத்தனை கோபமாக. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் வந்திருக்கிறாராம். நானும் ஏனோ "மன்னிக்கவும்" என்றுவிட்டேன்.

ரூஜ் நதி:
நீங்களெல்லாம் சாப்பாடும் காட்சியும் பேசுகிறீர்கள், எனக்கு அக்டோபர் என்றால் ஒரு கூச்சல்தான் ஞாபகம். ரூஜ் பூங்காவில் நடைபாதை ஓரம், மகள் பள்ளிக்கு இலை ஒட்டிக்கொண்டு போகவேண்டும், விதவிதமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மரத்தில் கொடி ஏறியிருந்தது, எண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று சிவப்பு, நானே அதைக் காட்டி எடு என்றேன். நாயோடு வந்த ஒரு பெண் தூரத்திலிருந்து கத்தினார் பாருங்கள், மகள் கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டாள். விரலுக்கும் இலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பாய்சன் ஐவி, தொட்டாலே தோல் கொப்புளிக்கும் கொடி. காம்புக்கு மூன்று இலை. இலையுதிர் காலத்தில் அதுவும் அழகாகச் சிவக்கும். அந்தப் பெண் அருகில்கூட வரவில்லை, "மூன்று இலை, தொடாதே" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு படித்தால், அதில் இருக்கும் உருஷியால் என்ற எண்ணெயின் உறவுக்காரன்தான் மாங்காய்ப் பாலிலும் இருக்கிறதாம்.

அடுப்படி:
மாங்காய்ப் பால் பட்டு நான் சின்ன வயதில் எத்தனையோ தடவை வாய் வெந்திருக்கிறேன், இரண்டு நாளில் போய்விடும். இதையும் அதையும் ஒன்றாகச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

ரூஜ் நதி:
ஒன்று என்று சொல்லவில்லை, உறவு என்றேன். முந்திரி, மா, பாய்சன் ஐவி எல்லாம் ஒரே குடும்பம். இது பட்டால் கொப்புளம் வாரக்கணக்கில் நிற்கும், நாயின் முடியில் ஒட்டி வந்தாலே போதும். காய்ந்த இலைகளோடு எரித்தால் புகை நுரையீரலுக்குள் போகும், ஆகவே தோட்டத்து இலையைக் கூட்டி எரிக்கிற பழக்கம் இருப்பவர்கள் அதை இங்கே செய்யாதீர்கள்.

பழைய சைக்கிள் (பிராம்ப்டன்):
ஹாலோவீன் முடிந்த மறுநாள் காலை எதிர்வீட்டுப் படிக்கட்டில் முழுப் பரங்கிக்காய், கீறல்கூட இல்லை, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். என் மனைவி போய்க் கதவைத் தட்டிவிட்டாள். எனக்கு ஓடி ஒளியலாம் போலிருந்தது. அந்த ஆள் தூக்கக் கண்ணோடு வந்து, இதையா, எதற்கு என்றார். சாப்பிட என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பரங்கிக்காயையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார், ஏதோ வாசல் விளக்கைக் கழற்றித் தின்னக் கேட்ட மாதிரி.

அடுப்படி:
அந்தப் பெரிய காயில் தண்ணீரும் நாரும்தான், பைக்குச் சின்ன சர்க்கரைப் பூசணி வாங்கவேண்டும். அதோடு முகம் வெட்டி மெழுகுவர்த்தி வைத்ததை எடுத்துவிடாதீர்கள், வெளியில் கிடந்து கெட்டிருக்கும்.

பழைய சைக்கிள்:
ஐயா, நாங்கள் பை செய்யவில்லை, புளிக்குழம்பும் பால்கூட்டும். நாரெல்லாம் குழம்பில் யார் பார்க்கப்போகிறார்கள். முழுசாக இருப்பதை மட்டும்தான் எடுக்கிறோம். ஒரு டப்பா கூட்டு அவருக்கும் போனது, என்ன ஆனது என்று தெரியாது, டப்பா கழுவித் திரும்பி வந்தது. ஆனால் அவர் தெருவில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. இப்போது நவம்பர் ஒன்றாம் தேதி காலையில் கதவைத் திறந்தால் எங்கள் வாசலில் யார் யாரோ வீட்டுப் பரங்கிக்காய் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. பிராம்ப்டன் பக்கம் வருபவர்கள் காரின் டிக்கியைக் காலியாக வைத்துக்கொண்டு வாருங்கள்.