மறு: எகிப்தியரின் ‘பா’வுக்குத் தமிழ்ச் சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம். பண்டைய எகிப்து பற்றிய பள்ளிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இறந்தவரிடம் எகிப்தியர் கண்ட ‘கா’, ‘பா’ என்னும் இரு உயிர்க்கூறுகளையும் ஒலிபெயர்த்தே எழுதினேன். “பா கல்லறையை விட்டுப் பறந்தது” என்ற வரியைப் படித்த மாணவி, எந்தப் புலவரின் பா என்று கேட்டாள். ‘ஆன்மா’ என்று மாற்றிவிடலாமா?

——

ஐயா, ‘ஆன்மா’ என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். படையலை ஏற்பது கா. மேல்நோக்கி நீட்டிய இரு கைகளே அதன் எழுத்து வடிவம். பாவோ மனிதத் தலை கொண்ட பறவை. பகலில் வெளியே சென்று, இரவில் பதனிட்ட உடலுக்கே திரும்பும். எழுபது நாள் உழைத்து உடலைக் கெடாமல் காத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே ‘புள்ளுயிர்’ என்று ஆளலாம்; புள் என்றால் பறவை. உயிர் உடலை விட்டுப் போவதை, “குடம்பை தனித்துஒழியப் புள்பறந் தற்றே” என்று பறவைக்கு ஒப்பிட்டுக் குறளே வழிகாட்டியிருக்கிறது.

‘கா’ நம் ‘காத்தல்’ என்பதன் வேர்தான் என்று சென்ற மடலில் எழுதிய நண்பருக்கு ஒரு சொல்: எகிப்தியர் உயிரெழுத்துகளை எழுதவில்லை. ‘கா’ என்னும் நெடில் இக்கால ஆய்வாளர் வசதிக்காக வைத்துக்கொண்ட ஒலிப்பு. அதன்மேல் வேர்ச்சொல் கட்டுவது மணலில் வீடு கட்டுவதாகும்.

——

அந்தக் குறள் (338) நிலையாமை அதிகாரத்தில் இருப்பதை மறக்க வேண்டாம்; அங்கே பறந்த புள் திரும்புவதில்லை. ‘குடம்பை’ என்பதற்குப் பரிமேலழகர் முட்டை என்றே பொருள் கொள்கிறார். கூடு என்பாரை அவர் மறுக்கும் காரணங்களுள் ஒன்று, கூட்டுக்குள் பறவை மீண்டும் புகும், உடம்புக்குள் உயிர் புகாது என்பது. அவர் தள்ளிய அந்தக் கூடுதான் எகிப்தியருக்குப் பொருந்துகிறது என்பதை எண்ணி நேற்றிரவு வெகுநேரம் தூங்கவில்லை. எனவே ‘கூடடை உயிர்’ என்பேன். ‘மீளுயிர்’ வேண்டாம், மறுபிறப்பு என்று மயங்குவர்.

——

‘கூடடை உயிர்’ அழகுதான். ஆனால் அதை விளக்க எனக்கு இன்னொரு பக்கம் வேண்டும், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் ‘புள்’ளும் தெரியாது. மூவர் ஒப்பியதால் ‘பறவையுயிர்’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். ‘கா’ மேற்கோள் குறிக்குள் அப்படியே இருக்கட்டும்.

——

இருக்கட்டும். ஆனால் ‘பறவையுயிர்’ என்றால் காகத்தின் உயிரைக்கூடச் சொல்லலாமே? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.