மடிப்பாக்கத்தில் 600 சதுர அடி மனை: பைண்டிங் பட்டறையையும் குடியிருப்பையும் எப்படிப் பிரிப்பது?

தையல்நூல் கேட்டது:

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் எங்களுக்கு 20 அடி அகலமும் 30 அடி நீளமும் கொண்ட மேற்குப் பார்த்த மனை இருக்கிறது. நான் பழைய நூல்களைப் பிரித்துத் தைத்து, புதிதாக அட்டை கட்டித் தருகிறேன். கணவர் மெய்ப்புத் திருத்துபவர். தெற்கில் பக்கத்து வீடு நெருங்கி நிற்கிறது, வடக்கில் ஒரு சந்து அளவுக்கு இடைவெளி உண்டு, பின்புறமான கிழக்கு திறந்தவெளி. கீழே இரண்டு மாடி உயரத்துக்குப் பட்டறை, கூரையை ஒட்டிப் பரண் போன்ற படுக்கைத்தளம், வேலைக்குச் சீரான வெளிச்சம் வேண்டி வடக்கில் பெரிய ஜன்னல் என்று ஒரு வரைபடம் போட்டிருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் புகுந்ததால், தாள் இருப்பு முழுவதையும் மாடியில் வைக்கலாம் என்பது எங்கள் எண்ணம். இதில் உள்ள பிழைகளைச் சுட்டிக்காட்டினால் உதவியாக இருக்கும்.

தட்டோடு எழுதியது:

பரணில் படுக்கும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். அறையின் வெப்பம் மேலே போய்ச் சேர்வது குளிர்நாட்டுக்காரருக்கு வரவு, நமக்குத் தண்டம். பகல் முழுவதும் வெயிலை வாங்கிக்கொண்ட கான்கிரீட் கூரை, இரவு பத்து மணிக்கு மேலும் அந்தச் சூட்டைக் கீழ்நோக்கி உமிழ்ந்துகொண்டே இருக்கும். அதற்கு மூன்றடி கீழே தலைவைத்துப் படுப்பவருக்கு மின்விசிறி மாட்டவும் இடமிருக்காது. நம் வீடுகளில் பரணில் புளிப்பானையும் வெண்கலப் பாத்திரமும் இருந்தன, மனிதர் படுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு மாடி உயரத்தைத் தளம் போட்டுப் பிரித்து, மாடியைச் சாதாரண உயரமுள்ள அறையாக்குங்கள். கூரையின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ் போட்டுத் தட்டோடு பதியுங்கள். அதன்மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும்விடக் கூரைக்கு நிழல் கொடுப்பதே சிறந்தது: மொட்டைமாடியில் ஒரு பந்தல் போட்டுக் கொடி ஏற்றிவிட்டால், மாடியறையின் மாலை நேரமே மாறிவிடும்.

நிழலளவு எழுதியது:

வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்ற பாடம் ஐரோப்பாவுக்குச் சரி. சென்னை வடக்கே 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. நண்பகலில் அது ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே இருப்பதால் இரண்டடி சன்ஷேடு போதும். காலையிலும் மாலையிலும் சாய்வாக வருவதைத்தான் ஜன்னலின் இரு பக்கமும் செங்குத்துத் தடுப்பு வைத்து மறிக்க வேண்டும். அந்தச் சந்து ஓரளவு நிழல் தருமாதலால் வடக்கு ஜன்னலை விட்டுவிட வேண்டாம்.

உங்கள் உண்மையான பகை மேற்குச் சுவர். தாழ்ந்து வரும் மாலை வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. ஆகவே படிக்கட்டையும் கழிப்பறையையும் மேற்கில் வைத்து, மீதமுள்ள முகப்பில் ஆழமான ஒரு திண்ணையை விடுங்கள். நூல் கொடுக்க வருபவர் அங்கேயே அமர்ந்து பேசிவிட்டுப் போகலாம், வீட்டுக்குள் வர வேண்டியதில்லை. நண்பகலுக்குப் பின் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுக்குப் பின்புறச் சுவரில் தாழ்வான ஜன்னல் வையுங்கள், சூடான காற்று படிக்கட்டின் உச்சியிலுள்ள திறப்புகள் வழியே வெளியேறட்டும். தையல் மேசை மட்டும் அந்தக் காற்று ஓடும் பாதையில் இருக்கக் கூடாது. பிரித்த தாள்கள் பறந்தால் என்ன பாடு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பிக்கணக்கு எழுதியது:

தாளை மாடியில் அடுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் வடிவமைப்பது வழக்கம். 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒரு ரீம், அதாவது 500 தாள், இரண்டரைக் கிலோ. அதையே நெருக்கமாக ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் சதுர மீட்டருக்கு 800 கிலோ வந்துவிடும். மாடியில்தான் வைப்பீர்கள் என்றால் இப்போதே பொறியாளரிடம் சொல்லி, அந்தப் பகுதிக்குத் தனியாகக் கணக்குப் போடச் செய்யுங்கள்.

தரைத்தளத்தைத் தெருமட்டத்திலிருந்து உயர்த்துவது அதைவிட எளிது. 2015-இல் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் பக்கத்து வீட்டுச் சுவரில் பார்த்து, அதற்கு மேலே தளத்தை வையுங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு கொஞ்சம் ஏறுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலமாரியின் கீழ்த்தட்டு தரையிலிருந்து இரண்டடிக்கு மேலும், பிளக் பாயிண்டுகள் நான்கடியிலும் இருக்கட்டும்.

தையல்நூல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பரணில் இனி காலிப் பெட்டிகள்தான். தாள் கீழேயே இருக்கட்டும், அந்த வாரத்து வேலைக்கான நூல்கள் மட்டும் மாடிக்குப் போகும். ஒரு சந்தேகம்: தாள் அலமாரியைத் தெற்குச் சுவரோடு ஒட்டி வைக்கலாமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டைகள் நெளிந்துவிடுகின்றன.

தட்டோடு எழுதியது:

ஒட்டி வைக்காதீர்கள். சுவருக்கும் அலமாரிக்கும் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, முதுகுப் பலகை இல்லாத இரும்புச் சட்டமாகச் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் இடையே மழைநீர் இறங்கும் இடத்தில் பூச்சு விரிசல் விடாமல் இருக்கிறதா என்று ஆவணியிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.