சென்னாக்குனி (காயவைத்த சின்னஞ்சிறு இறால்) விஷயத்தில் இன்னும் மனதை உறுத்தும் சம்பவம் யாருக்காவது உண்டா?

முதுநகர்க்காரி:

எனக்கு உண்டு, அதனால்தான் கேட்கிறேன். கடலூர் முதுநகரில் இருந்தவரை எங்கள் தெருவுக்கு ஒரு கருவாட்டுக்கார அம்மா வருவார். தாழங்குடா பக்கம் ஊர். தலையில் கூடை, அதற்குள் சென்னாக்குனி, ஒரு ஓரமாக நெத்திலி.

அன்று மீன்பிடித் தடைக்காலம், நல்ல மே மாத வெயில். என் அம்மா வீட்டில் இல்லை, நான்தான் வாசலுக்குப் போனேன். காலேஜ் முடித்த திமிர். கூடையையும் ஆழாக்கையும் அவர் திண்ணையில் இறக்கி வைத்ததும், "விலை ஏறிப்போச்சு, ஈரமா வேற இருக்கே" என்று சொல்லிவைத்தேன். ஈரமா இல்லையா என்று பார்க்க எனக்குத் தெரியாது. பேரம் பேசும்போது அம்மா சொல்லும் வசனம் அது, அவ்வளவுதான்.

அவர் கோபப்படவில்லை. ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் போட்டு, விரல்களை மடக்கி, அந்தக் கையை என் காதருகே தூக்கிக் குலுக்கினார். உமி உரசுகிற மாதிரி சலசலத்தது. "கேட்டுச்சா கண்ணு? ஈரமா இருந்தா பேசாது" என்றார்.

நான் அப்போதும் விடவில்லை. "சரி சரி, கொசுறு எவ்வளவு போடுவீங்க?" என்றேன். என் கையில் இருந்ததைத் திரும்ப வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தக் கூடையைத் தலையில் ஏற்ற இன்னொரு கை வேண்டும். எப்போதும் அம்மா ஒரு பக்கம் பிடிப்பார். அன்று அவர் முட்டியில் கூடையைத் தாங்கி, கொஞ்சம் தடுமாறி, தானாகவே ஏற்றிக்கொண்டு போனார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருஷம் ஆகிறது. நான் வீட்டில் இருக்கும்போது அவர் அதற்கப்புறம் வந்ததே இல்லை.

வலைவீட்டுப் பையன்:

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், காதில் வைத்துக் குலுக்குவதெல்லாம் பெரிய சோதனை இல்லை. நானும் அதை நம்பித்தான் ராமேஸ்வரம் போன இடத்தில் இரண்டு கிலோ வாங்கினேன். அருமையாகச் சலசலத்தது. வீட்டில் மனைவி தண்ணீரில் போட்டதும் அடியில் ஒரு விரற்கடை மணல். மணலும் சலசலக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. மாமியார் அந்தப் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

எனவே வாங்கும்போது எங்கே காயவைத்தது என்று கேளுங்கள். கடற்கரை மணலில் நேராகப் பரப்பியதா, வலை விரித்தோ சிமெண்ட் தளத்திலோ போட்டதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மணல் ஒட்டிக்கொண்டால் எத்தனை முறை அலசினாலும் பல்லில் நறநறக்கும். அடுத்தது நிறம். பச்சையாகக் காயவைத்த குனி வெளுத்து, லேசான ரோஜா நிறத்தில், கண் மட்டும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். வேகவைத்துக் காயவைத்தது இயல்பாகவே சிவந்திருக்கும். ஓட்டில் புரதத்தோடு சேர்ந்திருக்கும் நிறமி சூட்டில் பிரிந்து வருவதால் அந்தச் சிவப்பு. அது கொழுப்பில் கரையுமே தவிர தண்ணீரில் இறங்காது. ஊறவைத்த தண்ணீர் சிவந்தால் சாயம் என்று சந்தேகப்படுங்கள். மூக்கைச் சுருக்கென்று குத்தும் அமோனியா வாடை வந்தாலும் வேண்டாம், அது பழசு.

அப்புறம் வெறும் இரும்புச் சட்டியில், எண்ணெய் இல்லாமல், சிறு தீயில் வறுங்கள். சூடு ஆறியதும் உள்ளங்கையில் கசக்கி முறத்தில் புடைத்தால் மீசை, தலை, கால் எல்லாம் பறந்துவிடும். பொடிக்கு என்றால் அதோடு சரி. குழம்புக்கு என்றால் வெந்நீரில் ஒரு அலசு, மேலாக அள்ளுங்கள், வடிகட்டாதீர்கள். இப்படி வறுத்தால் வாடையும் போகும், ஒவ்வாமைகூட வராது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

கத்தரிக்காய் கட்சி:

மேலே உள்ளவரின் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து யாரும் நம்பாதீர்கள். நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான்.

ஹாஸ்டல். அம்மா கொடுத்தனுப்பிய சென்னாக்குனி தீரும்வரை எனக்கு மெஸ் சாப்பாடே வேண்டாம். அறைத்தோழன் ஊட்டிக்காரன், இறால் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. "நான் தொடமாட்டேன், நீ வறுத்துக்கோடா" என்று அவனே சொன்னான். வார்டனுக்கு வாசம் போகக்கூடாது என்று ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் வறுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நாற்றத்துக்கு நடிக்கிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இன்னொரு கிளறு கிளறினேன்! அப்புறம்தான் அவன் உதடு வீங்கியிருப்பதைப் பார்த்தேன்.

பிழைத்துக்கொண்டான், இப்போதும் நண்பன்தான். ஆனால் அந்த இன்னொரு கிளறு இருக்கிறதே, அது போகவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது: ஒவ்வாமை தரும் டிரோபோமயோசின் என்ற புரதம் சூட்டுக்கு அசையாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அப்படியே இருக்கும். சமைக்கும் ஆவியிலேயே கலந்து மூக்குக்குள் போகும். தின்ன வேண்டிய அவசியமே இல்லை.

மற்றபடி கத்தரிக்காயோடு போட்டால் ஊறவைக்கவே கூடாது. ஊறவைத்த தண்ணீரோடு ருசியும் போய்விடும். வலைவீட்டுக்காரர் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

மன்னார்க் காற்று:

எங்கட பக்கம் இதைக் கூனி என்பார்கள். கறியைவிட வாயில் போட்டு மெல்லுவதுதான் எனக்குப் பழக்கம். பத்து வயதில் காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி இருக்கும். தூளாகிப் பையின் மூலையில் தங்கும், அதையும் நக்கி எடுப்பேன்.

ஒரு ஞாயிறு பூசையில், எல்லாரும் முழந்தாளில் நிற்கும்போது, மெல்ல ஒன்றை வாய்க்குள் தள்ளினேன். பையில் கூனியோடு ஒரு பெரிய காய்ந்த இறாலும் கலந்திருந்தது எனக்குத் தெரியாது. தலையோடு விழுங்கியதில் அதன் நெற்றி முள் தொண்டையில் ஏறிவிட்டது. இருமினால் மாட்டிக்கொள்வேன். எனவே கைகளைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மம்மா. நான் பக்தியில் உருகி அழுகிறேன் என்று நினைத்து அவவும் அழத் தொடங்கிவிட்டா.

பிறகு ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தா. பங்குச் சுவாமியிடம் போய் என்னைக் குருமடத்தில் சேர்க்கலாமா என்றுகூடக் கேட்டா. நான் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. அவ போய்ச் சேரும்போதுகூட, "நீ அண்டைக்கு அழுத மாதிரி எனக்காக ஒருக்கா மன்றாடு" என்றுதான் கேட்டா.

கரையோரம்:

முதுநகர்க்காரிக்கு ஒரு விளக்கம். கிழக்குக் கரையில் இப்போது தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். ஆனால் அது விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகு கடலுக்குப் போகும். ஆக அந்த அம்மா விற்றது புதுசாகவும் இருந்திருக்கலாம், முன்னாடியே காயவைத்துச் சேர்த்ததாகவும் இருந்திருக்கலாம். விலை ஏறியதில் ஆச்சரியம் இல்லை, தடைக்காலம் முழுக்கக் கருவாட்டுக்குக் கிராக்கி அதிகம். நீங்கள் அப்படிப் பேரம் பேசியிருக்கக் கூடாது. எப்படிப் பேச வேண்டும் என்றால், முதலில் கால் கிலோ...

முதுநகர்க்காரி:

கரையோரம், நான் பேரம் பேசக் கற்றுத்தரச் சொல்லவில்லை. கழுவுவதா வறுப்பதா என்றும் கேட்கவில்லை, ஆனால் முறத்தில் புடைப்பது உபயோகமாக இருந்தது. மன்னார்க்காரரே, உங்கள் அம்மம்மா கதையைப் படித்துச் சிரித்துவிட்டு அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் படித்தபிறகு நேற்று அம்மாவுக்குப் போன் செய்து முதல்முறையாக நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. "அன்னைக்கு வேகமா போனதுல ஆழாக்கைத் திண்ணையிலேயே விட்டுட்டா. அடுத்த வாரம் குடுக்கப் போனேன், 'வச்சுக்க, வேற வாங்கிட்டேன்'னுட்டா. நீ கோயம்புத்தூர் போறப்ப பாத்திரத்தோட அதையும் சேத்துக் கட்டிக் குடுத்தேனே, பாக்கலையா?" என்றார்.

அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். விளிம்பு நசுங்கிய பித்தளை ஆழாக்கு. இட்லிக்கு உளுந்து அளப்பது அதில்தான்.